வெளிநாட்டு ஆர்டர் எங்கே சிக்கியது? ஃபார்வர்டிங் சேவையில் எலக்ட்ரானிக்ஸ் வாங்குவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

வெளிநாட்டுக் கடையில் ஒரு பொருளை வாங்கி, பார்சல் ஃபார்வர்டிங் சேவை (கடை இருக்கும் நாட்டில் உங்களுக்கென்று ஒரு கிடங்கு முகவரி தந்து, அங்கே வரும் பெட்டியை உங்கள் நாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம்) வழியாக வீட்டுக்கு வரவழைக்கும்போது இரண்டு வியாபாரங்கள் நடக்கின்றன. கடைக்காரர் நீங்கள் கொடுத்த கிடங்கு முகவரிக்குப் பொருளை அனுப்புகிறார். கிடங்கு வாசலில் பெட்டி இறங்கியதும் அவருடைய பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உங்கள் கைக்கு வந்து சேரும் வரை உள்ளது ஃபார்வர்டரோடு நீங்கள் செய்துகொண்ட தனி ஒப்பந்தம்.

ஆகவே எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது கிடங்குக்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பக்கமும் மாறி மாறி மெயில் அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். அதற்குள் புகார் செய்வதற்கான கெடு போய்விடும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். இன்னும் ஆர்டர் போடாதவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போடுவது நல்லது. கடைசியில் தலைகாட்டும் பிரச்சினைகளில் பாதிக்குமேல் ஆர்டர் போடும் நேரத்திலேயே விதைக்கப்பட்டவை.

ஆர்டர் போட்ட சில மணி நேரத்தில் கேன்சல் ஆகிவிடுகிறது

கடையின் மோசடித் தடுப்பு மென்பொருள் உங்களைச் சந்தேகப்படுகிறது என்று பொருள். அதன் கண்ணில் பாருங்கள்: கார்டு ஒரு நாட்டுடையது, டெலிவரி முகவரி இன்னொரு நாட்டில். அந்த முகவரிக்கே நூற்றுக்கணக்கான பெயர்களில் ஆர்டர்கள் வருகின்றன. வாங்குவதோ எளிதில் மறுவிற்பனை செய்யக்கூடிய போன் அல்லது லேப்டாப்.

முகவரி சரிபார்ப்பு என்றொரு முறையும் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கார்டுகளுக்குத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது. நீங்கள் தட்டச்சு செய்த பில்லிங் முகவரியின் கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வேறு நாட்டுக் கார்டுகளுக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே வராது. பதில் வராததைச் சில கடைகள் கண்டுகொள்வதில்லை. வேறு சில அதையே மறுப்பாக எடுத்துக்கொள்கின்றன.

பில்லிங் முகவரி என்ற இடத்தில் வங்கியில் உள்ளதை எழுத்து மாறாமல் கொடுங்கள். அங்கே கிடங்கு முகவரியைப் போட்டால் வேலை நடக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். பிற்பாடு ஏதாவது தகராறு வந்து வங்கிக்குப் போனால், பொய்யான பில்லிங் முகவரி கொடுத்தவர் என்ற இடத்தில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். அதேபோல, மறுக்கப்பட்ட கையோடு நாலைந்து முறை திரும்பத் திரும்ப முயற்சிப்பதும் சந்தேகத்தைக் கூட்டும். ஒரு நாள் விடுங்கள். வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, உங்கள் பெயரில் ஆர்டரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பேபால் போன்ற இடைநிலைச் சேவையைக் கடை ஏற்றால் அதில் பல நேரம் சிக்கலில்லாமல் போகும்.

கேன்சல் ஆன ஆர்டருக்குப் பணம் பிடித்தது போலக் கணக்கில் தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது நிறுத்தி வைக்கப்பட்ட தொகைதான், சில நாட்களில் தானாக விடுபடும். ஃபார்வர்டிங் முகவரிக்கு அனுப்ப மாட்டோம் என்று கடையின் விதியிலேயே எழுதியிருந்தால் மட்டும் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். எப்படியோ ஆர்டர் நழுவிப் போனாலும், பின்னால் ரிட்டர்ன் கேட்கும்போது அந்த விதியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

"டெலிவரி ஆகிவிட்டது" என்கிறது டிராக்கிங். ஃபார்வர்டர் கணக்கில் ஒன்றுமே இல்லை

முதல் இரண்டு வேலை நாட்களுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. கூரியர்காரர் லாரியிலிருந்து மொத்தமாக இறக்கிவிட்டு ஸ்கேன் செய்கிறார். அது பிரிக்கப்பட்டு, எடை போடப்பட்டு, உங்கள் பெயரில் பதிவாவது அதற்கப்புறம் நடக்கும் வேலை. பெரிய தள்ளுபடிக் காலங்களில் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், கடை அனுப்பிய ஆர்டர் உறுதி மெயிலைத் திறந்து டெலிவரி முகவரியைப் பாருங்கள். உங்கள் சூட் எண், அதாவது கிடங்கு உங்களுக்கென்று கொடுத்த அடையாள எண், அதில் இருக்கிறதா? அந்த எண் இல்லாத பெட்டி கிடங்கில் யாருடையதும் இல்லாத பெட்டி.

எனக்கு ஒரு கேமரா லென்ஸ் இப்படித்தான் காணாமல் போனது. சூட் எண்ணை நான் சரியாகத்தான் கொடுத்திருந்தேன், முகவரியின் இரண்டாம் வரியில். ஆர்டர் மெயிலிலும் இருந்தது. ஆனால் கடையின் லேபிள் அச்சடிக்கும் மென்பொருள் இரண்டாம் வரியை விழுங்கிவிட்டது. பெட்டி, உரிமையாளர் தெரியாதவற்றுக்கான அலமாரியில் பதினோரு நாள் கிடந்தது. "என் பார்சல் எங்கே" என்று நான் அனுப்பிய நான்கு மெயில்களுக்கும் பொதுவான பதில்தான் வந்தது. ஐந்தாவதில் டிராக்கிங் எண், இன்வாய்ஸ், பொருளின் சீரியல் எண், கடைக்காரர் குறித்திருந்த எடை, பெட்டியின் நீள அகல உயரம், வெளியே எந்தக் கடையின் பெயர் அச்சாகியிருக்கும் என்பது வரை எழுதினேன். அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார்கள். கிடங்கில் தேடுகிறவர் அலமாரி முன் நின்றுகொண்டு தேடுகிறார். கண்ணால் பார்த்து அடையாளம் காணக்கூடிய விவரம்தான் அவருக்கு உதவும்.

அன்றிலிருந்து சூட் எண்ணை இரண்டு இடத்தில் எழுதுகிறேன்: குடும்பப் பெயருக்கு அடுத்து ஒரு முறை, முகவரியின் முதல் வரியில் ஒரு முறை. முகவரிப் பெட்டியில் நீளம் பத்தாத கடைகளில் பெயரோடு சேர்த்தாவது எழுதுங்கள்.

எண் சரியாக இருந்தும் வரவில்லையா? டெலிவரி அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். யார் கையெழுத்திட்டார், எந்த ஊர், எந்த அஞ்சல் குறியீடு, எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்கும். ஊரோ குறியீடோ கிடங்கோடு பொருந்தவில்லை என்றால் பெட்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அது முதல் பாதியின் பிரச்சினை, கடைதான் தீர்க்க வேண்டும். கிடங்கின் ஆளே கையெழுத்திட்டிருந்தால் ஃபார்வர்டர் பொறுப்பு. அத்தாட்சி வருவதற்குள் நாள் ஓடும் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே நாளில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: ஒரே ஆர்டரைக் கடை இரண்டு பெட்டியாகவும் அனுப்பும். காணாமல் போனதாக நினைத்த சார்ஜர் இரண்டாவது டிராக்கிங் எண்ணில் இன்னும் பயணத்தில் இருக்கலாம்.

கிடங்குக்கு வந்துவிட்டது, ஆனால் அனுப்ப மறுக்கிறார்கள்

எலக்ட்ரானிக்ஸில் பத்துக்கு எட்டு முறை காரணம் லித்தியம் பேட்டரி. இதில் கிடங்குக்காரரோடு வாதாடிப் பயனில்லை, விமானச் சரக்கு விதிகள் அப்படி. லித்தியம் அயான் பேட்டரியில் தீப்பிடித்தால் பக்கத்து செல்லுக்கும் பரவும், அணைப்பதும் கடினம். அதனால் 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக வரும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை போட்டுவிட்டது. சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது.

உங்கள் பொருள் எந்த வகையில் சேர்கிறது என்று பாருங்கள். அபாயப் பொருட்களை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்களில் தனி பேட்டரிக்கு யுஎன் 3480. கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டதோ கருவியோடு ஒரே பெட்டியில் வருவதோ யுஎன் 3481. பவர் பேங்க் ஒரு கருவி மாதிரித் தெரிந்தாலும் விதியின்படி அது தனி பேட்டரிதான், 3480-ல் சேரும். அதனால்தான் பேட்டரி உள்ளே இருக்கும் லேப்டாப்பை அனுப்பும் அதே சேவை, பவர் பேங்க்கை மறுக்கிறது. கேமராவுக்கென்று கூடுதலாக வாங்கி, தனிப் பெட்டியில் வரும் பேட்டரிக்கும் இதே கதிதான்.

பேட்டரியின் ஆற்றல் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு: 100 வாட்-மணி. அதற்கு மேல் போனால் முழு அபாயப் பொருளாகக் கையாள வேண்டும், பெரும்பாலான ஃபார்வர்டர்கள் அதில் இறங்க மாட்டார்கள். கணக்குப் போடுவது எளிது: மில்லி ஆம்பியர்-மணியை 1000-ஆல் வகுத்து வோல்டால் பெருக்குங்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-மணி. மடிக்கணினிகள் பெரும்பாலும் 100-க்குள் நிற்கும். மின் சைக்கிள் பேட்டரி, பெரிய பவர் ஸ்டேஷன் எல்லாம் அதைத் தாண்டிப் போய்விடும், அவற்றை இந்த வழியில் வாங்க நினைக்கவே வேண்டாம்.

தீர்வு என்ன? முதலில், பேட்டரியை ஏற்கும் வேறு கூரியர் முறை அதே ஃபார்வர்டரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல நேரம் மலிவான அஞ்சல் முறையில் மறுப்பார்கள், எக்ஸ்பிரஸ் முறையில் ஏற்பார்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதை எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் அனுப்பச் சொல்லலாம், பேட்டரியை உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால் கடைக்குத் திருப்புங்கள். பேட்டரியை மறைத்து "கேபிள்" என்று அறிவிக்கச் சொல்லும் யோசனைக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள். எக்ஸ்ரேயில் மாட்டினால் பொருள் போகும், கணக்கும் முடங்கும். அதைவிட முக்கியம், அந்த விமானத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரியே இல்லாத பொருள் நிற்கிறது என்றால் இன்வாய்ஸைக் கேட்டு மெயில் வந்திருக்கும், குப்பைப் பெட்டியையும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஏற்றுமதிக் கட்டுப்பாடாக இருக்கலாம். வெப்பப் படக் கேமரா நல்ல உதாரணம். அமெரிக்க விதிகளில் விநாடிக்கு 9 பிரேமுக்குள் இயங்கும் மாடல்களுக்குக் கெடுபிடி குறைவு, அதைவிட வேகமானவற்றுக்கு அதிகம். அதனால்தான் ஒரே கருவி இரண்டு வேகத்தில் விற்கப்படுவதைப் பார்க்கலாம்.

எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கட்டணம் கேட்கிறார்கள்

கிடங்கு காட்டும் எடையையும் பெட்டியின் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வால்யூமெட்ரிக் எடை கிலோவில் வரும். எக்ஸ்பிரஸ் கூரியர்களில் வழக்கமான கணக்கு இது. உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கட்டணம். 75, 50, 20 சென்டிமீட்டர் பெட்டியில் ஏழு கிலோ மானிட்டர் வந்தால், கட்டணம் பதினைந்து கிலோவுக்கு.

குறைக்க வழி: ரீபேக் செய்யச் சொல்வது. ஒரு ஹெட்போனுக்குக் கடை அனுப்பும் பெட்டியில் பாதி காற்றுதான் இருக்கும். ஆனால் மானிட்டர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் போன்றவற்றின் உற்பத்தியாளர் பெட்டியை அகற்றச் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் வார்ப்பு நுரை அந்தப் பொருளுக்கென்றே செய்தது, அதை எடுத்துவிட்டால் மிச்சமாகும் தொகையைவிடப் போகும் தொகை அதிகம். வெளிப்பெட்டியை மட்டும் அகற்றும்படி எழுதுங்கள். ஃபார்வர்டர் குறித்த அளவு உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், அளவுகோல் வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

டிராக்கிங் ஒரு வாரமாக அசையவில்லை

"லேபிள் உருவாக்கப்பட்டது" என்பதிலேயே நின்றால் பெட்டி இன்னும் கூரியரிடம் போகவில்லை, அனுப்புகிறவரைக் கேளுங்கள். "நாட்டை விட்டுப் புறப்பட்டது" என்பதற்குப் பிறகு மௌனம் என்றால், அஞ்சல் வழியில் அது சகஜம். விமானத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் யாரும் ஸ்கேன் செய்வதில்லை. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மீண்டும் இரண்டு எழுத்து என்ற அமைப்பில் எண் இருந்தால் அது உலக அஞ்சல் ஒன்றியத்தின் வடிவம். அதை உங்கள் நாட்டு அஞ்சல் துறையின் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம், புறப்பட்ட நாட்டின் தளத்தில் இல்லாத தகவல் இங்கே முதலில் வரும்.

சுங்கத்தில் நிற்கிறது

இங்கே மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் ஒரே வார்த்தையில் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, ஆவணம் பத்தவில்லை. "எலக்ட்ரானிக்ஸ், 1" என்று மட்டும் அறிவித்திருப்பார்கள். அதிகாரிக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. பொருளின் பெயர், மாடல், புதியதா பழையதா, எண்ணிக்கை, கொடுத்த விலை ஆகியவை உள்ள இன்வாய்ஸும், பணம் கட்டிய அத்தாட்சியும் அனுப்புங்கள். எச்எஸ் குறியீட்டையும், அதாவது சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்ணையும், சேர்த்துக் கொடுத்தால் வேலை வேகமாகும். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்கப் பொது. போன்கள் 8517-லும், கணினிகள் 8471-லும், ஹெட்போன், ஸ்பீக்கர் 8518-லும், கேமராக்கள் 8525-லும் தொடங்கும். மடிக்கணினியைத் தவறான தலைப்பில் போட்டு அதிக வரி கட்டுகிறவர்கள் உண்டு. 1996-ல் உலக வர்த்தக அமைப்பில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் கணினி, போன் போன்ற பலவற்றுக்குச் சுங்க வரியை நீக்கியிருக்கின்றன. விற்பனை வரி தனியாக வரும் என்பது வேறு விஷயம்.

இரண்டு, வரித் தொகை நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட பல நாடுகள் பொருளின் விலையோடு போக்குவரத்துக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்து, அதன் மேல் வரி போடுகின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை சர்வதேசப் போக்குவரத்தைச் சேர்ப்பதில்லை. உங்கள் நாடு எந்த முறை என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். கூரியர் உங்கள் சார்பில் வரியைக் கட்டிவிட்டு அதற்கென்று வசூலிக்கும் சேவைக் கட்டணம் மீதிப் பாதி. அப்புறம், பல பொருட்களை ஒரே பெட்டியில் சேர்த்தால் அனுப்பும் செலவு குறையும், ஆனால் மொத்த மதிப்பு வரிவிலக்கு எல்லையைத் தாண்டிவிடலாம். பெட்டிகளைச் சேர்க்கச் சொல்லும் முன் இந்த இரண்டையும் எடைபோட்டுப் பாருங்கள்.

மூன்று, மதிப்பைக் குறைத்துக் காட்டியது பிடிபட்டது. பரிசு என்று எழுதினால் வரி வராது என்பது தவறான நம்பிக்கை. கடையிலிருந்து வாங்கி உங்களுக்கே அனுப்பிக்கொண்ட பொருள் பரிசு ஆகாது. ஒரு போனின் விலையை அதிகாரி அரை நிமிடத்தில் இணையத்தில் பார்த்துவிடுவார். பிடிபட்டால் அபராதம், சில நேரம் பறிமுதல். பிடிபடாமல் வந்தாலும் வழியில் உடைந்தால் நீங்கள் அறிவித்த அந்தச் சிறு தொகைதான் காப்பீட்டில் கிடைக்கும். ஏற்கெனவே குறைத்து அறிவித்துவிட்டீர்கள் என்றால், சுங்கம் கேள்வி கேட்கும் முன்பே ஃபார்வர்டரிடம் சொல்லித் திருத்திய இன்வாய்ஸை அனுப்புங்கள். கேட்ட பிறகு திருத்துவது ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும்.

பெட்டி நசுங்கி வந்திருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ குறைகிறது

கத்தியை எடுக்கும் முன் போனை எடுங்கள். ஆறு பக்கமும் படம், லேபிள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், பிறகு பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோ. சமையலறைத் தராசில் வைத்து எடையையும் படம் எடுங்கள். இதுதான் மிகவும் பேசும் ஆதாரம். கிடங்கில் எடுத்த எடை உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்து உள்ளே பொருள் இல்லை என்றால், அது கிடங்குக்கு வரும்போதே இல்லை, கடையைக் கேளுங்கள். எடை குறைந்திருந்தால் இரண்டாம் பாதியில் போயிருக்கிறது. ரீபேக் செய்திருந்தால் மட்டும், ரீபேக்குக்குப் பிந்தைய எடையோடு ஒப்பிட வேண்டும்.

இதற்காகவே விலை உயர்ந்த பொருளுக்குக் கிடங்கிலேயே உள்ளடக்கப் படம் கேட்டு வாங்கி வைக்கிறேன். அதற்கான சிறு கட்டணம் எனக்கு ஒருபோதும் வீணாகத் தெரிந்ததில்லை. உடைந்த பெட்டியையும் உள்ளே இருந்த நுரையையும் புகார் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள், கூரியர் ஆள் வந்து பார்க்கக் கேட்கலாம்.

பத்திரமாக வந்தது, ஆனால் இயங்கவில்லை

மின்சாரத்தில் தொடங்குங்கள், ஆனால் செருகும் முன்பு. அடாப்டரின் லேபிளில் உள்ளீடு 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு அடாப்டர் போதும். லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. 120 வோல்ட் என்று மட்டும், அல்லது ஜப்பானியப் பொருளில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நிறுத்துங்கள். வெப்பமூட்டும் கருவியில் மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் திறன் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 120 வோல்ட்டில் 1200 வாட் எடுக்கும் ஹேர் டிரையரை 230-ல் செருகினால் 4400 வாட் அளவுக்கு இழுக்க முயன்று கருகிவிடும். அதற்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், கருவியின் வாட்டைவிடக் கூடுதல் திறனில்.

டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது என்பது பலருக்குப் பிற்பாடுதான் தெரிகிறது. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார் உள்ள பழைய வகை டர்ன்டேபிள், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 50-ல் ஓடினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28-க்கும் குறைவாகச் சுற்றும், பாட்டு இழுத்துக்கொண்டு தாழ்ந்த சுருதியில் வரும். அதே காரணத்தால் அந்த வகை மின்கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அது பழுதில்லை, பழுது பார்க்கக் கொடுத்துப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.

போனில் சிம் எடுக்கவில்லை என்றால் முதலில் கேரியர் லாக், அதாவது ஒரே தொலைபேசி நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு, இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளில் "பூட்டு இல்லை" என்று இருக்க வேண்டும். பூட்டியிருந்தால் அந்த நாட்டு நிறுவனம்தான் திறக்க முடியும், சந்தேகத்துக்கிடமான திறப்புச் சேவைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். 2022-ல் வந்த ஐபோன் 14 தொடங்கி, அந்த வரிசையில் அமெரிக்காவில் விற்கப்படும் மாடல்களில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) தரும் நிறுவனம் உங்கள் ஊரில் இருந்தால்தான் பயன். சிம் எடுத்தும் சிக்னல் தள்ளாடினால் அலைவரிசைப் பட்டைகளைப் பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் போன் நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணோடு, வேறு பட்டைகளோடு வருகிறது. இதற்கு மென்பொருள் மருந்து இல்லை. வாங்கும் முன் முழு மாடல் எண்ணை வைத்து உங்கள் நிறுவனத்தின் பட்டைகளோடு ஒப்பிடுவதுதான் ஒரே வழி. பழைய போன் என்றால், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) விற்பவரிடம் கேட்டு, களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே சரிபாருங்கள்.

வைஃபையில் மற்ற எல்லாக் கருவிக்கும் தெரியும் நெட்வொர்க் இதற்கு மட்டும் தெரியவில்லையா? அமெரிக்கச் சந்தைக்கான பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 11 வரையுள்ள சேனல்களை மட்டும் பார்க்கும். உங்கள் ரவுட்டர் 12 அல்லது 13-ல் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கண் தெரியாது. ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ கருவிகள் இந்த ஒரு மாற்றத்தில் உயிர் பெற்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சியில் ஆன்டெனாச் சேனல் வராது, ஏனென்றால் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் ஒளிபரப்பு முறைகள் வேறு வேறு. எச்டிஎம்ஐ வழியாக மட்டும் பார்ப்பீர்கள் என்றால் தொல்லை இல்லை. புளூ-ரே பிளேயரில் வட்டு ஓடவில்லை என்றால் காரணம் மண்டலக் குறியீடாக இருக்கலாம்: வட்டும் பிளேயரும் வேறு வேறு விற்பனை மண்டலங்களுக்கானவை.

வாரண்டி இல்லை என்கிறார்கள், ரிட்டர்னும் முடியாது என்கிறார்கள்

ரிட்டர்ன் நாட்கள் பெட்டி கிடங்கில் இறங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடுகின்றன, உங்கள் கைக்கு வந்த அன்று அல்ல. 30 நாள் என்றால் அதில் பாதி பயணத்திலேயே போயிருக்கும். கிடங்கில் சும்மா வைத்திருக்க இலவச நாட்கள் தருகிறார்கள் என்று பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரச்சினை தெரிந்த அன்றே கடைக்கு எழுதிவிடுங்கள். பொருளை அனுப்பாவிட்டாலும் புகாரின் தேதி பதிவாகிவிடும்.

வாரண்டி மறுத்தால் உற்பத்தியாளரின் வாரண்டிப் பத்திரத்தில் நாட்டுக் கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். வாய்மொழியாக மறுப்பதும் எழுத்தில் இருப்பதும் எப்போதும் ஒன்றல்ல. வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பது கடைசிக் கதவு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் கெடு இருக்கிறது. ஆனால் "வந்து சேரவில்லை" என்று கடைமீது புகார் செய்தால், நீங்கள் கொடுத்த கிடங்கு முகவரியில் இறங்கியதற்கான அத்தாட்சியைக் கடை காட்டும், அங்கேயே வழக்கு முடிந்துவிடும். பொருள் தவறானது, பழுதானது என்பதற்குத்தான் அங்கே வலு உண்டு. கிடங்குக்கு அப்புறம் தொலைந்ததற்கு, ஃபார்வர்டருக்குக் கட்டிய தொகையின் மேல்தான் அந்த வழியில் கேட்க முடியும். பொருளின் விலை காப்பீட்டில் இருந்துதான் வர வேண்டும்.

திருப்பி அனுப்புவது என்று முடிவானால், புதிய பொருள் இறக்குமதி என்று கடையின் நாட்டில் மீண்டும் வரி போட்டுவிடாமல் "திருப்பப்படும் பொருள்" என்று இன்வாய்ஸில் எழுதி, முதல் ஆர்டர் எண்ணைக் குறிப்பிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அனுப்ப முயலவே வேண்டாம். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்தி, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, உப்பல் பக்கவாட்டில் தெரியும்படி படம் எடுங்கள். சீரியல் எண்ணோடு அதைக் கடைக்கு அனுப்பி, பொருளைத் திருப்பாமலே ரீஃபண்ட் கேளுங்கள். விமான விதியை ஒரு வரியில் எடுத்துச் சொன்னால் பெரும்பாலான கடைகள் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. ரீஃபண்ட் வந்ததும் பேட்டரியை மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்துவிடுங்கள்.